முக்கால் மீட்டர் தள்ளி உட்கார்ந்தால்

புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் நிறைய. அந்தக் குடும்பங்களில் பிரான்ஸில் இருப்பவர்களைப் பார்க்கப் போய் அங்கே கார் ஓட்டுகிறவர்களுக்கு முதல் நாளே ஒரு சிக்கல் வரும். ஓரத்தில் நிற்கும் வண்டிகளின் கண்ணாடியில் காரின் வலப்பக்கக் கண்ணாடி உரசும்.

கண் இடம் மாறிவிட்டதுதான் இதற்குக் காரணம். ஓட்டுநர் இருக்கை காரின் நடுக்கோட்டிலிருந்து சுமார் 37 செ.மீ. தள்ளி இருக்கும். அது நம் காரில் வலப்பக்கம், சாலையின் வலப்புறம் ஓட்டும் பிரான்ஸில் இடப்பக்கம். ஆக வித்தியாசம் 74 செ.மீ. தடத்தின் நடுவுக்குச் சற்று வலப்புறம் உட்கார்ந்தே பழகிய உடம்பு அங்கேயும் அந்த இடத்தைத்தான் தேடும். உடம்பு அங்கே போனால் கார் முக்கால் மீட்டர் வலப்புறம் ஒதுங்கிவிடும்.

இதற்குப் பானெட்டில் ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளலாம். நம் காரில் இடது ஓரத்தை ஒட்டிப் போகும்போது, ஓரத்து வெள்ளைக் கோடு பானெட்டின் நடுவில் வந்து முட்டுவதுபோலத் தெரியும். இடப்பக்க ஸ்டியரிங்கில் வலது ஓரக் கோடு அப்படித் தெரிய வேண்டும். கிளம்புவதற்கு முன்பே, வேறொருவர் ஓட்ட நீங்கள் இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து, கடற்கரைச் சாலையை அந்தக் கோணத்தில் பார்த்துப் பழகலாம்.

இப்போது அதே இடப்பக்க ஸ்டியரிங் கார் நம் கடலூர் சாலைக்கு வந்தால் என்ன ஆகும்? கிருமாம்பாக்கம் தாண்டி, 2.5 மீட்டர் அகலப் பேருந்து ஒன்றின் பின்னால் போகிறோம் என்று வையுங்கள். தடத்தின் அகலம் 3.5 மீட்டர், காரின் அகலம் 1.74 மீட்டர். இரண்டு வண்டிகளும் தடத்தின் நடுவில் போகின்றன. பேருந்தின் வலது விளிம்பைத் தாண்டி நேரே பார்க்க, வலப்பக்கம் உட்கார்ந்தவர் காரை 88 செ.மீ. நகர்த்தினால் போதும். அப்போது காரின் வலது விளிம்பு சாலையின் நடுக்கோட்டைத் தொடும், தாண்டாது. இடப்பக்கம் உட்கார்ந்தவரோ 1.62 மீட்டர் நகர்த்த வேண்டும். எதிரே வருவது கண்ணில் படுவதற்குள் கார் 74 செ.மீ. எதிர்த் தடத்துக்குள் போயிருக்கும். முன்சக்கரம் நடுக்கோட்டைத் தாண்டியபிறகுதான் கண் பேருந்தின் விளிம்பைத் தாண்டுகிறது, ஆபத்தே அதில்தான். பேருந்தை ஒட்டிப் போகாமல் நன்றாகப் பின்தங்கினால், அது மறைக்கும் கோணம் குறையும். அப்போதும், பக்கத்தில் இருப்பவர் சொன்னதை மட்டும் நம்பி முந்தவே கூடாது.

இப்படிப்பட்ட வண்டிக்குச் சட்டமும் நிபந்தனை வைத்திருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 120ஆவது பிரிவின்படி, வேலை செய்கிற இயந்திர அல்லது மின் சிக்னல் கருவி இருந்தால்தான் அதைப் பொது இடத்தில் ஓட்டலாம். இடது ஜன்னலில் நீட்டும் கை வலப்புறம் வருபவருக்குத் தெரியாதல்லவா?

முகப்பு விளக்கையும் பலர் மறந்துவிடுகிறார்கள். லோ பீம் ஒளி சாலை ஓரத்துப் பக்கம் 15 டிகிரி மேலே ஏறும்படி அமைந்திருக்கும். நமக்கு அது இடது, பிரான்ஸில் வலது. அங்கத்திய விளக்கோடு இங்கே இரவில் ஓடினால், அந்த ஒளி எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

பெடல் வரிசை மாறாது: கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர். கியர் வரிசையும் அதேதான், ஆனால் கை மாறுகிறது. நம் காரில் வெளியே தள்ளிப் போடும் முதல் கியரை அங்கே நம் பக்கம் இழுத்துப் போட வேண்டும். பழக்கத்தில் வெளியே தள்ளினால் ஐந்தாவது விழும். கிளட்சை விட்டதும் எஞ்சின் உதறி நின்றுவிடும். கியரைத் தேடிப் போகும் இடது கை முதல் சில நாள் கதவில் இடிக்கும். மாருதி போன்ற கார்களில் இண்டிகேட்டர் வலப்பக்கம், அங்கே இடப்பக்கம். திருப்பத்தில் இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பர் ஓடும். கொஞ்ச நாளில் கை பழகிவிடும் என்பதால் இதற்கெல்லாம் பயப்பட வேண்டியதில்லை.

பயப்பட வேண்டியது ஆளில்லாச் சாலைக்குத்தான். பெட்ரோல் பங்கிலிருந்து காலியான சாலைக்குள் நுழையும்போது, பின்தொடர முன்னால் வண்டி இருக்காது; பழைய பழக்கம் தலைதூக்கும். அந்த நேரத்தில் ஒன்றைச் சரிபாருங்கள்: ஸ்டியரிங் பிடித்திருப்பவரின் தோள் சாலையின் நடுப்பக்கம் இருக்கிறதா? இங்கத்திய காருக்கு இங்கேயும் அங்கத்திய காருக்கு அங்கேயும் இந்தக் கணக்கு பொருந்தும். ரவுண்டானாவை அங்கே கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். பலகையோ கோடோ இல்லாத சந்திப்பில், சின்னத் தெருவிலிருந்து வந்தாலும் வலப்பக்கம் வருபவருக்கே முன்னுரிமை. பெரிய சாலையில் போகிறோம் என்று வேகம் குறைக்காமல் நுழைந்துவிடாதீர்கள்.