டஞ்சன்: சிறையா, பிலமா?

எண்பதுகளில் வந்த கணினி விளையாட்டுகளைப் பற்றிப் பேச்செடுத்தால் ‘டஞ்சன்’ என்ற சொல் தானாக வந்து விழும். தனியாக உட்கார்ந்து, ஒரு வீரர் குழுவை வழிநடத்தி, பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகள் அவை. அகராதியில் இதற்குப் பாதாளச் சிறை என்று பொருள் இருக்கும். சொல்லின் வழக்கமான பொருளுக்கு அது சரி. விளையாட்டுக்குப் பொருந்தாது.

மூலம் லத்தீனில் இருக்கிறது. ‘டோமினுஸ்’ என்றால் உடையவன், தலைவன். அதன் வழியில் வந்த பிரெஞ்சுச் சொல் ‘டோன்ஜோன்’, கோட்டைக்குள் பிரபு இருந்த பெரிய கோபுரத்தைக் குறித்தது. பிரெஞ்சில் இன்றும் அதே பொருள்தான். ஆங்கிலத்தில் மட்டும் அது மெல்லக் கீழே இறங்கி, கைதிகளை அடைக்கும் நிலத்தடி இருட்டறை ஆகிவிட்டது.

அடுத்த திருப்பம் அமெரிக்காவில் நடந்தது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டை வெளியிட்டார்கள். அதில் டஞ்சன் என்பது பூதங்களும் புதையலும் பொறிகளும் நிறைந்த அடுக்கடுக்கான நிலத்தடி. யாரும் யாரையும் அங்கே அடைப்பதில்லை. ஆடுபவர்கள் தாங்களே விரும்பி இறங்குகிறார்கள், உயிரோடு திரும்பினால் ஆதாயம். அடுத்த ஆண்டே இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ என்ற கல்விக் கணினி அமைப்பில் இதைப் பின்பற்றி விளையாட்டுகள் எழுத ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்தக் கால விளையாட்டுகளுக்காகச் சிலர் இன்றும் ஏன் ஏங்குகிறார்கள் என்று தெரிய, 1981இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்த ‘விசார்ட்ரி’ என்ற விளையாட்டைப் பார்க்க வேண்டும். பத்துத் தளங்கள், ஒவ்வொன்றும் 20க்கு 20 கட்டங்கள். திரையில் தெரிவது சில வெள்ளைக் கோடுகள்தான்: இங்கே சுவர், அங்கே கதவு. வரைபடம் கிடையாது. பக்கத்தில் கட்டம் போட்ட தாளை வைத்துக்கொண்டு, ஒரு அடி நடந்தால் ஒரு கட்டம் என்று பென்சிலால் நாமே வரைய வேண்டும். சில கட்டங்களில் கால் வைத்தால் சத்தமில்லாமல் திசையைத் திருப்பிவிடும். அது தெரியாமல் வரைந்துகொண்டே போனால் தாள் முழுக்கத் தப்பு. குழு மொத்தமும் செத்தால் உடல்கள் அங்கேயே கிடக்கும். இன்னொரு குழுவைத் தேற்றி அனுப்பித்தான் மீட்க வேண்டும். இடத்தின் மேல் இப்படி ஒரு பயமும் பிடிப்பும் பிற்கால விளையாட்டுகளில் எனக்குக் கிடைத்ததில்லை. வழிகாட்டும் அம்புக்குறி வந்ததும் பாதிப் பயம் போய்விட்டது. அந்தப் பயத்தைத் திரும்பக் கேட்டவர்களுக்காகவே 2012இல் வந்த ‘லெஜண்ட் ஆஃப் கிரிம்ராக்’, தானியங்கி வரைபடத்தை அணைத்துவிட்டு ஆடவும் வழி வைத்தது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? நிலவறை நல்ல சொல், எல்லாருக்கும் புரியும். ஆனால் அது ஒரே ஒரு அறை. கோயிலின் நிலவறை, வீட்டின் நிலவறை என்போம். பத்துத் தளம் அதில் அடங்காது. சுரங்கம் என்றால் நிலக்கரி நினைவுக்கு வருகிறது.

என் தேர்வு ‘பிலம்’. வடமொழியிலிருந்து வந்து தமிழில் பழகிய சொல், நிலத்தடிக் குகைவழி என்று பொருள். கம்பராமாயணத்துக் கிட்கிந்தா காண்டத்தில் ‘பிலம் புக்கு நீங்கு படலம்’ என்றே ஒரு படலம் உண்டு. சீதையைத் தேடிப் போகும் வானரர்கள் கும்மிருட்டான பிலத்துக்குள் நுழைகிறார்கள், அனுமனின் வாலைப் பற்றிக்கொண்டு நடக்கிறார்கள். உள்ளே மயன் சமைத்த பொன்னகரம், காவலுக்குச் சுயம்பிரபை. வெளியேற வழியில்லை, கடைசியில் அனுமன் பேருரு எடுத்துப் பிலத்தைப் பிளக்கிறான். இருட்டு, குழு, உள்ளே மறைந்திருக்கும் செல்வம், திரும்பும் வழி தெரியாத திகைப்பு என எல்லாமே அங்கே இருக்கிறது.

இப்படி டஞ்சனுக்குள் இறங்கித் தேடி ஆடும் விளையாட்டுகளை ஆங்கிலத்தில் ‘டஞ்சன் கிராலர்’ என்பார்கள். அந்த வகையைப் ‘பிலந்தேடல்’ எனலாம். அப்புறம், ஆடுபவர்களிடம் பேசும்போது ‘மூணாவது தளத்துப் பிலம்’ என்று சொல்லிப் பாருங்கள், வாயில் இயல்பாகவே வருகிறது.