புகைபோக்கிக்குள் புகை குளிரக் கூடாது

புகைபோக்கி புகையை மேலே இழுக்கிறது என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது எதையும் இழுப்பதில்லை. சூடான காற்று விரிந்து லேசாகிவிடும். குழாய்க்குள் அது நிற்கும்போது, வெளியே இருக்கும் குளிர்ந்த கனமான காற்று அடியில் நுழைந்து அதை மேலே தள்ளுகிறது, அவ்வளவுதான். குழாய் உயரமாக இருந்தால், உள்ளுக்கும் வெளிக்கும் வெப்ப வித்தியாசம் அதிகமாக இருந்தால், தள்ளும் விசையும் கூடும். அப்படியும் வீட்டுப் புகைபோக்கியில் அந்த அழுத்த வித்தியாசம் பெரும்பாலும் 10, 20 பாஸ்கல் அளவில்தான் இருக்கும். வளிமண்டல அழுத்தமோ ஏறக்குறைய ஒரு லட்சம் பாஸ்கல். இத்தனை சொற்பமான விசையை நம்பித்தான் வீட்டுக்குள் நெருப்பு மூட்டுகிறோம்! சன்னல்களை எல்லாம் இறுக்கிச் சாத்திவிட்டுச் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டால் போதும், மேலே போக வேண்டிய புகை திரும்பி வீட்டுக்குள் வந்துவிடலாம்.

சரி, அழுக்கு எப்படிச் சேர்கிறது? நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கிலோ எரிந்தாலே சுமார் அரை லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறும். விறகுக்குள் ஒளிந்திருந்த ஈரம் இல்லை இது, விறகின் ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து அப்போதுதான் உண்டாகும் தண்ணீர். விறகும் ஈரமாக இருந்துவிட்டால் அந்த ஈரத்தைக் கொதிக்கவைக்கவே சூட்டில் ஒரு பங்கு செலவாகி, நெருப்பு மந்தமாகி, எரிய வேண்டிய தார் போன்ற ஆவிகள் எரியாமலே மேலே கிளம்பிவிடும். குழாயின் சுவரோ அந்தப் புகையைவிடக் குளிர்ந்து கிடக்கும். சுமார் 120 டிகிரி செல்சியஸுக்குக் கீழே புகை இறங்கினால் இந்த ஆவிகள் சுவரில் படியத் தொடங்கும். இந்தப் படிவுக்குப் பெயர் கிரியோசோட். நெருப்பு ராத்திரி முழுக்க நிற்கட்டும் என்று காற்றுத் துவாரத்தை அடைத்துப் புகையவிடுகிறார்களே, என்னைக் கேட்டால் புகைபோக்கிக்கு அதைவிடப் பெரிய கெடுதல் கிடையாது.

டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் எந்த நிலையில் இருக்கிறது என்று ஓரளவு தெரிந்துவிடும். தூள் தூளாகக் கரி இருந்தால் பிரஷ்ஷில் உதிர்ந்துவிடும். மொறுமொறுவென்று கறுப்புச் செதில்களாக இருந்தால் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். மூன்றாவதுதான் மோசம்: பளபளவென்று கறுப்புப் பூச்சு பூசியது மாதிரி இறுகிக் கிடக்கும், பிரஷ் வழுக்கிக்கொண்டு போகும். இதைக் கையில் எடுக்காமல் தொழில் தெரிந்தவரிடம் விட்டுவிடுவதே நல்லது. படிவு 3 மில்லிமீட்டர் தடிமனைத் தொட்டாலே சுத்தம் செய்தாக வேண்டும், அதற்கு முன்பே சுத்தம் செய்தாலும் தப்பில்லை. படிவு இருக்கிறதோ இல்லையோ, வருஷத்துக்கு ஒருமுறை யாராவது பார்த்துவிட வேண்டும்.

ஏனென்றால் கிரியோசோட் என்பதே எரிபொருள்தான். அது பற்றிக்கொண்டால் குழாய்க்குள் வெப்பம் 1000 டிகிரியையும் தாண்டும், ரயில் ஓடுவது போல ஒரு இரைச்சல் கேட்கும். சில சமயம் சத்தமே இல்லாமல் எரிந்து அடங்கிவிடும், வீட்டுக்காரருக்கே தெரியாது. ஆனால் குழாயின் உட்சுவரில் பதித்த களிமண் ஓடு வெடித்திருக்கும், அப்புறம் ஒருநாள் சாதாரணமாக மூட்டும் நெருப்பின் சூடே அந்த வெடிப்பு வழியாகப் பக்கத்து மரச்சட்டத்துக்குப் போய்விடும். புகைபோக்கியில் தீ என்று தெரிந்தால் எல்லோரும் வெளியே வந்து தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள், சூடான குழாய் பிளந்துவிடும்.

விறகே இல்லை, கேஸ் ஹீட்டர்தான், கரியே வராது என்று நிம்மதியாக இருக்க முடியாது. வெளிக்குழாயில் பறவை கூடு கட்டினாலோ இணைப்பு கழன்றாலோ கார்பன் மோனாக்சைடு அறைக்குள் தங்கும். நிறம் கிடையாது, மணம் கிடையாது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அசதி என்று ஆரம்பிப்பதால் காய்ச்சல் வரப்போகிறது என்று படுத்துவிடுவார்கள், அதுதான் ஆபத்து. வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, வெளியே போனால் தெளிகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாக ஆடினாலும் கவனியுங்கள். படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வேண்டும்.

நீங்களே சுத்தம் செய்வதாக இருந்தால் குழாயின் அளவுக்குப் பொருந்தும் பிரஷ்ஷாக வாங்குங்கள். துருப்பிடிக்காத எஃகுக் குழாய்க்குப் பெரும்பாலும் நைலான் பிரஷ்தான் சரி, கம்பி பிரஷ் கீறிவிடும். கணப்பின் வாயைத் துணியால் மூடி, முகத்துக்கு நல்ல மாஸ்க் போட்ட பிறகுதான் தேய்க்க வேண்டும். புகைபோக்கி துடைப்பவர்களுக்கு வரும் ஒருவகைப் புற்றுநோய்க்குக் கரிதான் காரணம் என்று பெர்சிவல் பாட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1775இலேயே எழுதிவிட்டார். உச்சியில் மூடியும் வலையும் இருந்தால் மழையும் பறவையும் உள்ளே வராது, ஆனால் அந்த வலையிலேயே கரி அப்பி வழியை அடைத்துவிடும், அதையும் தட்டிவிட வேண்டும்.

கடைசியாகச் சாம்பல். மேலே ஆறினது மாதிரி இருந்தாலும் அடியில் கங்கு நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும், அதனால் வேக்குவம் கிளீனரும் வேண்டாம், பிளாஸ்டிக் வாளியும் வேண்டாம், மூடி போட்ட உலோக வாளியில் அள்ளி வீட்டுக்கு வெளியே வெறும் தரையில் வையுங்கள்.