வெள்ளம் வடிந்ததும் கிணற்றை வற்ற இறைக்காதீர்கள்

மாரி வெள்ளம் வடியத் தொடங்கினால் மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோர ஊர்களில் வளவுக்கு வளவு மோட்டர் சத்தம்தான். கலங்கிய கிணற்றை அடிவரை இறைத்து, ஊறி வருவதையும் இறைத்து, மூன்றாம் முறையும் இறைத்த பிறகுதான் பலருக்கு மனம் ஆறுகிறது. வாவிக்குக் கிழக்கே கடல் பக்கமாக உள்ள எழுவான்கரை மணலில் இந்த வேலை பெரும்பாலும் கெடுதலில்தான் முடிகிறது. அழுக்கு முழுதாகப் போவதில்லை, போதாக்குறைக்கு உப்பும் வந்து சேரலாம்.

காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்லாறு என்று நீளும் நிலம் கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல் திட்டு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உவர்நீர். கிணற்றில் நாம் அள்ளும் நல்ல தண்ணீர் மழையாகப் பெய்து மணலுக்குள் இறங்கி, அடியில் உள்ள உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருப்பது. கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் 2.5 சதவீதம் அடர்த்தி கூடியது என்பதால்தான் இப்படி மிதக்க முடிகிறது. கணக்குப்படி, கடல்மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால் அதைத் தாங்க, கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 மீற்றர் நன்னீர் இருக்கும். கைபன்–ஹெர்ஸ்பேர்க் விதி என்று இதைச் சொல்வார்கள். நிலத்தில் இரண்டு நீரும் எல்லையில் கலந்துவிடுவதால் கணக்கு இவ்வளவு துல்லியமாக வராது. ஆனால் போக்கு அதுதான்.

அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மேலே நீர்மட்டம் 10 சென்ரிமீற்றர் இறங்கி அப்படியே நின்றால், அடியில் உப்புநீரின் எல்லை 4 மீற்றர் வரை மேலேறப் பார்க்கும். ஒரு பரப்பு முழுவதும் அப்படி ஏற நாளெடுக்கும். ஆனால் பெரிய பம்ப் வைத்து ஒரே இடத்தில் வேகமாக இறைக்கும்போது அந்தக் கிணற்றுக்கு நேர் கீழே உப்புநீர் கூம்பு போல எழும்பி வரும். பம்பை நிறுத்தினாலும் ஏறிய உப்பு முழுதாகத் திரும்பிப் போகாது, நன்னீரோடு கலந்து தங்கிவிடும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கிழக்கில் நடந்த நிலத்தடிநீர் ஆய்வுகள் காட்டியதும் இதைத்தான். கடல்நீர் விழுந்த கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தது உப்பைக் குறைக்க உதவவில்லை, சில இடங்களில் கூட்டியும் விட்டது. கடைசியில் உப்பைக் கழுவி இறக்கியது மாரி மழைதான்.

வற்ற இறைப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வெள்ளத்தில் ஊறிய மண் வெளியிலிருந்து கிணற்றுச் சுவரைத் தள்ளிக்கொண்டிருக்கும். உள்ளே நிற்கும் தண்ணீர்தான் அதற்கு எதிர்த்தாங்கல். அதை ஒரேயடியாக எடுத்தால் அடியிலிருந்து மணல் கொப்பளித்து ஏறும், கொங்கிறீற் வளையங்கள் விலகும், சில வேளை இடிந்தே விழும். பெற்றோல், மண்ணெண்ணெய் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்குவது இதைவிட மோசம். அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உள்ளே இறங்கியவர் மயங்கி விழுவார், தூக்கப் போனவரும் விழுவார். பம்ப் எப்போதும் மேலேதான் இருக்கவேண்டும்.

அப்படியானால் எப்போது இறைப்பது? வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டித் திறந்து வாவி நீர் இறங்கி, வளவில் தேங்கிய தண்ணீரும் வற்றும்வரை பொறுக்கவேண்டும். அதற்கு முன் இறைத்தால் வளவில் நிற்கும் மலசலகூடக் குழித் தண்ணீர்தான் மணல் வழியே கிணற்றுக்குள் ஊறும். பொறுத்திருக்கும் நாட்களில் குடிக்கக் குழாய்நீர் அல்லது பவுசரில் வரும் தண்ணீர். அதுவும் இல்லாவிட்டால், தெளியவைத்து வடித்த தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டு ஆறவைத்துக் குடிக்கலாம். சீனக்காரமும் தேத்தாங்கொட்டையும் கலங்கலைத் தெளியவைக்கும். தெளிந்த தண்ணீரிலும் கிருமி இருக்கும், ஆகவே அதையும் கொதிக்கவைத்தே ஆகவேண்டும்.

நேரம் வந்ததும் முதலில் மிதக்கும் குப்பை, செத்த பிராணிகளை வலையால் அள்ளுங்கள். கட்டின் உட்புறத்தைத் தும்புத்தடியால் உரஞ்சிக் கழுவுங்கள். பிறகு வாளியாலோ சிறிய மோட்டராலோ மெதுவாக, இருக்கும் நீரில் பாதிக்கு மேல் போகாமல், ஒரே ஒரு தடவை இறையுங்கள். அடிச் சேற்றை வாளியால் அள்ளினால் போதும். இறைத்த தண்ணீரைக் கிணற்றடியிலேயே ஊற்றுவதை எங்கும் காணலாம். மணல் அதை அப்படியே கிணற்றுக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். குழாய் போட்டுக் குறைந்தது 15 மீற்றர் தள்ளி, தாழ்வான பக்கம் விடுங்கள்.

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் நிலைமை கொஞ்சம் வேறு. வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கம் கடலுப்பு அவ்வளவு பெரிய கவலையில்லை. வெள்ளம் வயலைத் தாண்டி வருவதால் உரமும் பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினியும் கலந்திருக்கும். கொதிக்கவைத்தாலும் குளோரின் போட்டாலும் அவை போகாது. வயலோரக் கிணற்றுத் தண்ணீரில் மருந்து மணம் அடித்தால் சோதித்துப் பார்க்கும்வரை குடிக்கவேண்டாம்.

இனி குளோரின். ‘ரெண்டு கைப்பிடி போட்டோம்’ என்பதில் ஒரு அர்த்தமும் இல்லை, கிணற்றில் எவ்வளவு தண்ணீர் என்று தெரியாமல் எவ்வளவு மருந்து என்று சொல்ல முடியாது. கிணற்றின் விட்டத்தை அடிக்கணக்கில் அளந்து அதை அதே எண்ணால் பெருக்குங்கள். அதை நீரின் ஆழத்தால் (அதுவும் அடிக்கணக்கில்) பெருக்கி, வருவதை 22 ஆல் பெருக்கினால் லீற்றர் கணக்கு வரும். 4 அடி விட்டம், 6 அடி தண்ணீர் என்றால் 4 × 4 × 6 × 22, அதாவது 2112 லீற்றர். ஆழம் அளக்கக் கயிற்றில் கல் கட்டி இறக்கி, நனைந்த நீளத்தைப் பார்த்தால் சரி.

வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு லீற்றருக்கு 50 மில்லிகிராம் குளோரின் தேவை. ரி.சி.எல் என்று சொல்லப்படும் குளோரின் தூள் புதிதாக இருந்தால் அதில் சுமார் 30 சதவீதம்தான் வேலை செய்யும் குளோரின். ஆகவே 1000 லீற்றருக்கு 165 கிராம் தூள். மேலே சொன்ன கிணற்றுக்கு ஏறக்குறைய 350 கிராம், கடைத் தராசில் நிறுத்து எடுங்கள். பை பிரிந்து ஈரம் பட்டு, கட்டி கட்டியாகிப் பழைய மணம் கூட இல்லாத தூள் என்றால் எவ்வளவு போட்டும் பயனில்லை. வெயிலும் ஈரமும் குளோரினை ஓட்டிவிட, மிச்சம் சுண்ணாம்புதான் இருக்கும்.

தூளை நேரே கிணற்றில் கொட்டினால் கட்டியாக அடியில் போய்க் குந்திக்கொள்ளும். பிளாஸ்ரிக் வாளியில் முதலில் கொஞ்சத் தண்ணீர் விட்டுக் களியாகக் குழைத்து, பிறகு வாளி நிறையத் தண்ணீர் சேர்த்துக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படியவிடுங்கள். மேலே தெளிந்ததைக் கிணற்றின் சுற்றுச்சுவர் நனையும்படி ஊற்றி, வாளியைக் கட்டி இறக்கி மேலும் கீழுமாக இழுத்துக் கலக்குங்கள். காற்று அடிக்கும் பக்கமாக முதுகைக் காட்டி நில்லுங்கள், கையுறை போடுங்கள். மலசலகூடம் கழுவும் அசிற் பட்ட வாளியில் இதைக் கரைக்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

அரை மணி நேரம் கழித்து ஒரு கிளாசில் எடுத்து மணந்து பாருங்கள். குளோரின் மணம் வரவில்லையென்றால் கிருமியைக் கொல்ல வேண்டிய மருந்தைச் சேறு தின்றுவிட்டது என்று அர்த்தம். அழுகிய இலை, சேறு எல்லாமே குளோரினைச் செலவழிக்கும். சேற்றை இன்னும் அள்ளிவிட்டுத் திரும்பப் போடவேண்டும். மணம் நின்றால் 12 மணி முதல் 24 மணி நேரம் வரை கிணற்றைத் தொடாமல் விடுங்கள். அதன்பின் மணம் தணியும்வரை இறைக்கவேண்டும். இங்கும் அவசரம் கூடாது, காலை கொஞ்சம் மாலை கொஞ்சமாக எடுங்கள். அந்தத் தண்ணீரைப் பூமரத்துக்கும் வாழைக்கும் விடாதீர்கள், வாவிக்கும் போகவேண்டாம்.

சுற்றியுள்ள குழிகளிலிருந்து கசிவு தொடர்ந்தால் சில நாளில் கிருமி திரும்ப வரும். கிணறும் மலசலகூடக் குழியும் 15 மீற்றருக்குக் கிட்டே நிற்கும் நெருக்கமான வளவுகளில் இது அதிகம். அங்கே கிணற்றைக் குளிக்கவும் கழுவவும் வைத்துக்கொண்டு, குடிக்கக் குழாய்நீரை எடுப்பதுதான் புத்தி. தண்ணீர் கரிக்கத் தொடங்கியிருந்தால் அதற்கு மருந்தே இல்லை. மோட்டரை நிறுத்தி, தேவைக்கு மட்டும் வாளியால் அள்ளிக்கொண்டு மழைக்கு விட்டுவிடவேண்டும். மாதக்கணக்கில் ஆகலாம். கொதிக்கவைத்தால் நீர் ஆவியாகி உப்பு கூடத்தான் செய்யும்.

சோதனைக்குக் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். குளோரின் போட்ட மறுநாள் எடுத்த தண்ணீரில் கிருமி இல்லை என்றுதான் வரும். மணம் முழுதும் போய் ஒரு வாரம் கழித்து, உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டு வாங்கிய கிருமி நீக்கிய போத்தலில் எடுங்கள். மூடியின் உட்புறத்தில் விரல் படாமல் மூடி, ஐஸ் வைத்த பெட்டியில் அன்றே ஒப்படையுங்கள். வீட்டுச் சோடாப் போத்தலில் எடுத்தால், முடிவு கிணற்றைப் பற்றியதா போத்தலைப் பற்றியதா என்று யாராலும் சொல்ல முடியாது.