கல் மேல் ஒரு குடுவைச் செடி

எரிமலைக் கல் ஒன்று. அதன் தோளில் ஒரு குழி, குழிக்குள் பாசி, பாசியிலிருந்து ஏழெட்டு இலைகள். ஒவ்வோர் இலையின் நுனியும் நூலாக நீண்டு கல்லின் விளிம்பைத் தாண்டித் தொங்க, நூலின் முனையில் விரல் நீளத்துக்கு ஒரு குடுவை, எறும்பும் பூச்சியும் விழும் பொறி. இதை முதல் தடவை பார்ப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: சதுப்பில் வளர்கிற செடி கல்லில் எப்படி உயிரோடு இருக்கிறது?

கேள்வியிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. சதுப்புக்குப் பேர்போனது வட அமெரிக்காவின் சாரசீனியா. வெப்பமண்டலக் குடுவைச் செடியான நெபந்தஸ் வேறு குடும்பம், குணமும் வேறு. போர்னியோ, சுமத்ரா, பிலிப்பைன்ஸ் காடுகளில் மரத்தைப் பிடித்து ஏறும் கொடி அது. சதுப்புக் காட்டில் வாழும் இனங்கள் அதிலும் உண்டு, மரக்கிளையில் தொற்றி வாழ்பவையும் உண்டு. பாறையையே வீடாக்கிக்கொண்டவையும் இருக்கின்றன. செஷல்ஸ் தீவுகளின் கருங்கல் மலைகளில் நெபந்தஸ் பெர்வில்லி பாறை மேல் படர்கிறது. போர்னியோவின் மேற்குக் கலிமந்தானில் உள்ள கெலாம் மலைச் செங்குத்தில் நெபந்தஸ் கிளிப்பியாட்டா தொங்குகிறது. போர்னியோவின் சுண்ணாம்புப் பாறைகளில் வாழும் நெபந்தஸ் கம்பானுலாட்டா அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்தார்கள். 1997இல் அதே தீவின் சரவாக் மாநிலத்து முலுவில் அது மறுபடி கண்ணில் பட்டது.

இந்தப் பாறைகளில் செடிக்கு உணவு என்று பெரிதாக எதுவும் கிடையாது. விரிசலில் கொஞ்சம் பாசி, கொஞ்சம் மக்கிய சருகு, அடிக்கடி மழை, அவ்வளவுதான். அது போதுமானதாக இருப்பதற்குக் காரணம் குடுவை. மற்ற செடிகள் மண்ணில் தேடும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் இது குடுவைக்குள் விழுந்து செரிமானமாகும் எறும்புகளிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. வேரின் முக்கிய வேலை தண்ணீர் எடுப்பதும் பிடித்துக்கொள்வதும்தான். அதனால் வேரும் அளவாகவே இருக்கும்: கறுப்பாக, நூல் மாதிரி, தொட்டால் முறியும் பக்குவத்தில். முதல் தடவை தொட்டி மாற்றுகிறவர்கள் அந்தக் கறுப்பைப் பார்த்து வேர் அழுகிவிட்டது என்று பயந்துபோவார்கள். ஆரோக்கியமான வேரின் நிறமே அதுதான்.

மரத்தைச் சிறு தொட்டியில் குள்ளமாக வளர்க்கும் போன்சாய் கலை பழகியவர்கள் சறுக்குவது இந்த வேரில்தான். கல்லும் செடியும் சேர்ந்த போன்சாயில் இரண்டு வழிகள் உண்டு. செகிஜோஜூ என்பதில் வேர்கள் கல்லைத் தழுவி இறங்கி, கீழே மண்ணுக்குள் போகும். வருடங்கள் போகப்போக அவை தடித்து, கல்லை விரல்களால் இறுக்கிப் பிடித்தது போல ஆகும். ஆல், அத்தி வகைகளுக்கு இது கைவந்த கலை. இஷிசுகி என்பதில் கல்லே தொட்டி. அதன் குழியிலோ விரிசலிலோ செடி வாழும். நெபந்தஸுக்கு இரண்டாவது வழி மட்டும்தான். அதன் வேர் எத்தனை வருடமானாலும் தடித்துக் கல்லைக் கவ்வாது. காற்றில் வெறுமையாக விட்டால் காய்ந்து கருகிவிடும். வேரைக் காட்டி அழகு பண்ணும் எண்ணத்தை ஆரம்பத்திலேயே விட்டுவிடுவது நல்லது. இங்கே கல்லின் வேலை, நீர் தேங்காமலும் ஈரம் போகாமலும் பார்த்துக்கொள்வது.

எல்லாக் கல்லும் அதைச் செய்யாது. முதலில் சுண்ணாம்புச் சோதனை. காய்ந்த கல்லில் நாலு சொட்டு வினிகர் விட்டு, காதைக் கிட்டே கொண்டுபோங்கள். நுரைத்துச் சலசலத்தால் அதில் கால்சியம் கார்பனேட் இருக்கிறது. அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வேரைச் சுற்றிய அமிலத் தன்மையைக் குறைக்கும். அப்புறம் இரும்புச் சத்து இருந்தும் செடியால் எடுக்க முடியாமல் புது இலைகள் மஞ்சளாகும். நான் இந்தச் சோதனையைக் கற்றுக்கொண்டது ஒரு செடியைப் பறிகொடுத்த பிறகு. கல் அவ்வளவு அழகாக இருந்தது, சோதிக்கத் தோன்றவே இல்லை. கம்பானுலாட்டா சுண்ணாம்பில்தானே வாழ்கிறது என்று கேட்கலாம். அது அந்த இனம் பழகிக்கொண்ட வாழ்க்கை. பெரும்பாலான இனங்களுக்கு அது ஒத்துவராது.

அடுத்தது துளைகள். எரிமலைக் கல்லைப் பார்த்ததும் அதன் பெரிய ஓட்டைகள்தான் நம்பிக்கை தரும். ஆனால் நீரை மேலே ஏற்றுவது அவை இல்லை. நுண்குழாயில் நீர் ஏறும் உயரம் குழாயின் ஆரத்துக்கு எதிர்விகிதம். ஆரம் 1 மில்லிமீட்டர் இருந்தால் ஒன்றரை சென்டிமீட்டர் ஏறும், 0.1 மில்லிமீட்டர் இருந்தால் 15 சென்டிமீட்டர் வரை ஏறும். கண்ணுக்குத் தெரியாத துளைகள்தான் வேலை செய்கின்றன, அதுவும் அவை ஒன்றோடொன்று இணைந்திருந்தால் மட்டும். பல எரிமலைக் கற்களில் குமிழிகள் தனித்தனியாக மூடிக் கிடக்கும். கல்லை இரண்டு சென்டிமீட்டர் நீரில் ஒரு ராத்திரி நிற்க வையுங்கள். காலையில் ஈரக்கோடு எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஏறாவிட்டாலும் கல்லைத் தூக்கி எறிய வேண்டாம். வெளிப்பக்கம் பாசி போர்த்தினால் பாசியே நீரை இழுத்துக்கொள்ளும்.

நீர் நன்றாக ஏறும் கல்லில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. உச்சியில் ஆவியாவது நீர் மட்டும்தான், உப்பு அங்கேயே தங்கிவிடும். லிட்டருக்கு 200 மில்லிகிராம் உப்புள்ள நீர் கல் நிற்கும் தட்டில் இருக்கிறது, நாளொன்றுக்கு 100 மில்லிலிட்டர் ஏறி ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். தினம் 20 மில்லிகிராம், மாதத்துக்கு 600 மில்லிகிராம் உப்பு கல்லின் தலையில், சரியாக வேர் இருக்கும் இடத்தில் சேர்கிறது. கல்லின் மேல் வெள்ளைப் பொருக்கு தெரிந்தால் அர்த்தம் இதுதான். மருந்து எளிது: மழைநீரோ ஆர்.ஓ. நீரோ பயன்படுத்துவது, அதையும் மேலிருந்து தாராளமாக ஊற்றி உப்பைக் கழுவி விடுவது, தட்டில் வடிந்ததைக் கொட்டிவிடுவது. காட்டில் மழை செய்வதும் இதைத்தான்.

கல்லின் உயரத்தாலும் லாபம் உண்டு. நனைந்த ஸ்பாஞ்சைப் படுக்கை வசமாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அப்படியே செங்குத்தாகத் திருப்புங்கள். மறுபடி நீர் வடியும். செடி நடும் எந்தக் கலவையிலும் அடியில் குறிப்பிட்ட உயரத்துக்கு நீர் வடியாமல் நிற்கும். தட்டையான தொட்டியில் அந்த நனைந்த அடுக்கு வேரை முட்டும், உயரமான கல்லில் வேருக்கு வெகு கீழே நின்றுவிடும். ஒரு நிபந்தனை: குழியின் அடியில் துளை போட்டு, உள்ளிருக்கும் பாசியைக் கீழே வரை தொடர்ச்சியாக இறக்க வேண்டும். துளையில்லாத குழி வெறும் கிண்ணம். அதில் வேர் மூச்சுமுட்டி அழுகும்.

நடும்போது குழியை நீளநார் ஸ்பேக்னம் பாசியாலும் சிறு எரிமலைச் சல்லியாலும் நிரப்பலாம். ஸ்பேக்னத்தின் இலையில் பாதிக்கு மேல் செத்த, வெற்றுச் செல்கள். தன் காய்ந்த எடையைப் போல 20 மடங்கு வரை நீரை அது பிடித்துக்கொள்வது அவற்றால்தான். பாசியை அழுத்தித் திணிக்கக் கூடாது, காற்று போக வழி வேண்டும். செடியின் பழைய பாசியை உதறாமல் அப்படியே உள்ளே இறக்கி, மீன்பிடி நரம்பால் தளர்வாகக் கட்டிவிட்டால் போதும். இன்னொரு போன்சாய்ப் பழக்கமும் இங்கே எடுபடாது: தண்ணீரைக் குறைத்து வாட்டி இலையைச் சிறிதாக்குவது. நெபந்தஸை வாட்டினால் முதலில் போவது குடுவை. அதனால் வெண்ட்ரிக்கோசா மாதிரி அடக்கமாக வளரும் இனமாகப் பார்த்து எடுப்பதே புத்திசாலித்தனம். ஆனால் காட்டிலிருந்து பிடுங்கியதை வாங்கக் கூடாது, நாற்றங்காலில் வளர்த்ததைத்தான் வாங்க வேண்டும். இந்தப் பேரினம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தமான சைட்டிஸின் பட்டியலில் இருக்கிறது.

நட்ட பிறகு கவனிக்க வேண்டியது இலை நுனி. அங்கே நூலாக நீளும் பற்றுக்கம்பியின் முனை முதலில் உளுந்தளவுக்கு வீங்கும், பிறகு தட்டையாக நீளும், ஒரு நாள் காற்று ஊதியது போல உப்பும். மூடி திறக்கும் முன்பே உள்ளே செரிமான நீர் சுரந்திருக்கும். மூடி திறந்த பிறகுதான் வாயின் விளிம்பு வெளிப்புறமாகச் சுருண்டு நிறம் ஏறுகிறது. இதற்கெல்லாம் வாரக்கணக்கில் ஆகும். நடுவில் காற்று வறண்டாலோ வெளிச்சம் குறைந்தாலோ அந்த உளுந்து பழுத்து உதிர்ந்துவிடும். சத்து தேடித்தர ஓர் உறுப்பு வேண்டுமா என்று செடி வரவு செலவு பார்க்கிறது என்றே சொல்லலாம். வேருக்கு உரம் கொட்டினாலும் குடுவை குறைவது அதே கணக்கில்தான்.

ஈரப்பதம் வேட்டைக்கும் வேண்டும். ஹோல்கர் போன், வால்டர் ஃபெடெர்லே என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2004இல் காட்டியது இது: குடுவை விளிம்பு காய்ந்திருக்கும்போது எறும்பு அதில் சாதாரணமாக நடந்து போகிறது. விளிம்பு நனைந்தால் நுண்ணிய வரிப்பள்ளங்களில் நீர் மெல்லிய படலமாகப் பரவ, மழையில் வழுக்கும் டயர் போல எறும்பின் கால் பிடி விட்டுப்போகிறது. காலையில் தெளிக்கும் பனிபோன்ற தூறலில் பொறியும் தயாராகிவிடுகிறது.

என்ன செய்தாலும் இது கொடி. இரண்டு மூன்று வருடத்தில் தண்டு நீண்டு, கல்லை விட்டுச் சாய்ந்து, பிடிக்க எதையாவது தேடும். உயரத்தில் வரும் மேல்குடுவைகள் ஒல்லியாக, புனல் மாதிரி இருக்கும். அடியில் வருபவைதான் உருண்டு திரண்டவை, கண்ணுக்கு விருந்து. அப்போது கத்தியை எடுக்க வேண்டியதுதான். நுனி மொட்டு ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனைச் சுரந்து கீழ் மொட்டுகளை அடக்கி வைத்திருக்கும். நுனி ஆதிக்கம் என்று பள்ளியில் படித்த அதே விஷயம். நுனியை வெட்டினால் அந்த அடக்குமுறை போய்விடும். வெட்டிய துண்டை ஈரப் பாசியில் வைத்தால் அதுவும் வேர்விடும். மொட்டைத் தண்டு சில வாரம் அப்படியே நிற்கும், செத்துவிட்டதோ என்று தோன்றும். அப்புறம் ஒரு நாள், பழைய இலைக்காம்பின் கக்கத்தில் ஊசிமுனை அளவு பச்சை தெரியும். சில சமயம் அது பாசிக்குள்ளிருந்தே கிளம்பும், கல்லின் நாம் எதிர்பார்க்காத பக்கத்தில்.