பாம்புக்கு வந்தது நச்சுயிரி அல்ல, தீநுண்மி

"போவா பாம்புகளில் புதிய நச்சுயிரிகள் கண்டுபிடிப்பு" என்ற தலைப்போடு ஒரு மொழிபெயர்ப்புக் குறிப்பு போன வாரம் திருத்தத்துக்காக என் கைக்கு வந்தது. பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த அத்தைக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். கத்தியை நிறுத்திவிட்டு, "போவாவுக்கு விஷம் கிடையாதுன்னு நீதானே சொன்ன? இப்ப அதுக்கும் வந்துடுச்சா?" என்று கேட்டார். அத்தை மேல் தப்பே இல்லை. பாம்பும் நச்சும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் தமிழ்க் காதில் வேறென்ன விழும்? வைரஸுக்கு நச்சுயிரி என்ற இந்தச் சொல்லை இப்படிப் பார்ப்பது எனக்கு எத்தனையாவது முறை என்று கணக்கே இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நடந்தது இதுதான். இரையை நெரித்துக் கொல்லும் போவா, மலைப்பாம்பு இனங்களை அடைத்து வளர்ப்பவர்களை 1970களிலிருந்தே ஒரு நோய் வதைத்துவந்தது. நோய் கண்ட பாம்பு தின்ற இரையைக் கக்கிவிடும். தலையை அண்ணாந்து, கூரையையே பார்த்தபடி விறைத்துக் கிடக்கும். மல்லாத்திப் போட்டால் புரண்டு படுக்கத் தெரியாது. சான் ஃபிரான்சிஸ்கோவில் உள்ள ஸ்டைன்ஹார்ட் நீர்வாழ் உயிரினக் காட்சியகத்தின் மரப்போவாக்களுக்கும் இது வந்தது. அந்த ஊர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மார்க் ஸ்டெங்லைன், ஜோசஃப் டெரிசி குழுவினர், நோயுற்ற பாம்புகளின் திசுவிலிருந்து, மரபுச் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து அதன் எழுத்து வரிசையைப் படித்தார்கள். பாம்புக்குச் சொந்தமானதைக் கழித்துவிட்டு, மிச்சம் என்ன என்று பார்த்தார்கள். மிச்சத்தில் அரீனா குடும்பத்து வைரஸ்கள் இருந்தன. மனிதர்களைக் கொல்லும் லாசா காய்ச்சலைத் தரும் கிருமியும் இந்தக் குடும்பம்தான். 2012-இல் அவர்கள் இதை வெளியிடும்வரை, இந்தக் குடும்பம் பாலூட்டிகளில் மட்டுமே தெரிந்திருந்தது. புதியவற்றுள் ஒன்றுக்கு கோல்டன் கேட் வைரஸ் என்று பெயர் வைத்தார்கள்.

இதில் நச்சு எங்கே வந்தது? சொல்லின் வேரில் வந்தது. லத்தீனில் 'வீருஸ்' என்றால் பிசுபிசுத்த நீர், நஞ்சு. பாம்பின் நஞ்சையும் ரோமானியர்கள் அந்தச் சொல்லால்தான் குறித்தார்கள். வடமொழி 'விஷ' அதற்கு உடன்பிறப்பு. அதுவே நம்மிடம் விடம் ஆனது. நஞ்சு, நச்சு ஆகி, உயிரியோடு சேர்ந்து நச்சுயிரி ஆனது. அவ்வளவுதான் கதை.

நச்சுயிரிக்காக வாதாடுபவர்கள் முதலில் எடுத்து வைப்பது இந்த வேரைத்தான். "மூலச்சொல்லே நஞ்சு என்கிறது, நாமும் நஞ்சு என்றால் என்ன குறை?" என்பார்கள். அந்தப் பொருளை அறிவியல் கைவிட்டே நூறு வருடத்துக்கு மேல் ஆகிறதே, அதுதான் குறை. 1898-இல் ஹாலந்தில் பெயரிங்க் என்ற ஆய்வாளர், தேமல் நோய் வந்த புகையிலைச் செடியின் சாற்றைப் பாக்டீரியா புக முடியாத பீங்கான் வடிகட்டியில் வடித்தார். வடித்த சாற்றை நல்ல செடியில் ஏற்றினார். நோய் வந்தது. அந்தச் செடியின் சாற்றை எடுத்து அடுத்த செடிக்கு, அதிலிருந்து இன்னொன்றுக்கு என்று மாற்றிக்கொண்டே போனாலும் வீரியம் குறையவில்லை. நஞ்சாக இருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு சொட்டு நஞ்சைக் குடத்தில் கலந்து, அதில் ஒரு சொட்டை அடுத்த குடத்தில் கலந்து என்று போனால் பத்தாவது குடத்தில் ஒன்றும் மிஞ்சாது. சாற்றில் இருந்தது நீர்த்துப் போகவில்லை. செடிக்குள் போய்ப் பெருகியது. பெருகியதால்தான் அது நஞ்சு இல்லை என்று அவர் கண்டுகொண்டார். பழைய பேரை அவர் மாற்றவில்லை, பொருள்தான் மாறிப்போனது. நாம் புதிதாகச் சொல் செய்யும்போது, அவர்கள் கழற்றிப் போட்ட பொருளைத் தேடிப்பிடித்து மாட்டிக்கொள்வானேன்?

பாம்பு ஆய்விலும் இதே சோதனைதான், கருவிகள் மட்டும் புதியவை. ஜூலியட் என்ற பெயருள்ள ஒரு போவாவின் உயிரணுக்களைத் தட்டில் வளர்த்து, அதில் கோல்டன் கேட் வைரஸை விட்டார்கள். அது அங்கே பெருகியது. நல்ல பாம்பின் நஞ்சை எந்தத் தட்டில் ஊற்றினாலும் அது பெருகாது.

அப்புறம் அந்த 'உயிரி'. வைரஸுக்கு உயிர் உண்டா என்பதே இன்னும் முடியாத வழக்கு. அது உண்பதில்லை, வளர்வதில்லை, ஓர் உயிரணுவுக்குள் புகாதவரை பெருகுவதும் இல்லை. முன்பாதி பழைய பிழை, பின்பாதி தீராத வழக்கு. இரண்டையும் ஒட்டி ஒரே சொல்லாக்கிப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறோம்.

மற்ற இடங்களில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றுகூடச் சொல்வேன். சளிக்கும் காய்ச்சலுக்கும் நச்சுயிரி என்று எழுதினால் யாரும் பாம்புக்கடியை நினைக்கப்போவதில்லை. பாம்பைப் பற்றி எழுதும்போது முடியவே முடியாது. கட்டுவிரியன், கண்ணாடி விரியன் எல்லாம் நச்சுப்பாம்புகள், கடிக்கு நச்சுமுறி மருந்து. இவை ஊரறிந்த சொற்கள். அதே பக்கத்தில் 'நச்சுயிரி எதிர்ப்பு மருந்து' என்று எழுதினால், மருந்து கடிபட்ட மனிதனுக்கா, நோய்ப்பட்ட பாம்புக்கா? எனக்கு வந்த குறிப்பில் 'பாம்பின் நச்சுயிரி பரவும் விதம்' என்று ஒரு துணைத்தலைப்பே இருந்தது. அதை விஷம் உடம்பில் ஏறும் விதம் என்றுதான் எவரும் படிப்பார்.

சரி, வேறு என்ன சொல்வது? தீநுண்மி. 2020-இல் கரோனா வந்தபோது நாளிதழ்களில் புழங்கிப் பலருக்கும் பழகிய சொல். வடிகட்டியையே தாண்டிப் போகும் அளவுக்கு நுண்மையானது என்பதுதான் வைரஸின் முதல் அடையாளம், அதைச் சொல் நேராகச் சொல்கிறது. உயிர் உண்டு என்றோ இல்லை என்றோ தீர்ப்புச் சொல்லவில்லை. தீவினை, தீங்கு என்பவற்றில் உள்ள தீ இது, நெருப்பு அல்ல.

அந்தத் 'தீ'யில் எனக்கும் ஒரு உறுத்தல் உண்டு, மறைக்க மாட்டேன். 2017-இல் வெளிவந்த ஆய்வில் இந்த வைரஸ்களைப் போவாக்களுக்கும் பந்து மலைப்பாம்புகளுக்கும் செலுத்திப் பார்த்தார்கள். மலைப்பாம்புகள் இரண்டே மாதத்துக்குள் நரம்பு கெட்டு வீழ்ந்தன. போவாக்கள் இரண்டு வருடம்வரை நோயின் வெளி அறிகுறி எதுவும் காட்டாமல் அதைச் சுமந்துகொண்டிருந்தன. ஒன்றுக்குத் தீயது இன்னொன்றுக்குச் சுமைதான். தீயை எடுத்துவிட்டு வெறும் நுண்மி என்றால் பாக்டீரியாவும் கூடவே புகுந்துகொள்ளும். ஆகவே தீயோடுதான் இருக்கிறேன். பிடிக்காதவர்கள் வைரஸ் என்றே எழுதட்டும். இலங்கைப் பாடநூல்கள் வைரசு என்று எழுதித்தான் ஒழுங்காகப் பாடம் நடத்துகின்றன. குழப்பும் தமிழ்ச் சொல்லைவிடத் தெளிவான கடன்சொல் மேல். தனித்தமிழ் மேல் பற்றுள்ளவனாகவே இதைச் சொல்கிறேன்.

குறிப்பில் இன்னும் சில இருந்தன. 'சிறைபிடிக்கப்பட்ட பாம்புகள்' என்று இருந்தது. இவற்றில் பல, கண்ணாடிக் கூண்டிலேயே பிறந்தவை. எந்தப் போரில் யார் சிறைபிடித்தார்கள்? வளர்ப்புப் பாம்புகள் என்றால் முடிந்தது. அரீனாவை 'அரங்க வைரஸ்' என்று வேறு ஆக்கியிருந்தார்கள். லத்தீனில் அது மணல். மின் நுண்ணோக்கியில் இந்த வைரஸின் உள்ளே மணல் தூவியதுபோலப் புள்ளி புள்ளியாகத் தெரிந்ததால் வந்த பெயர். விளையாட்டு அரங்குக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர் வந்ததே தரையில் மணல் கொட்டியதால்தான். அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். குடும்பப் பெயரை அரீனா என்றே விட்டிருக்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை.

எல்லாவற்றிலும் என்னை வாட்டியது நோயின் பெயர்தான்: 'உள்ளடக்க உடல் நோய்'. 'இன்க்ளூஷன் பாடி டிசீஸ்' என்ற ஆங்கிலப் பெயரில் உள்ள 'பாடி' என்ற சொல்லை உடல் என்று பிடித்துக்கொண்டார்கள். நோயுற்ற பாம்பின் கல்லீரலைச் சீவிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், உயிரணுவுக்குள் உட்கருவுக்கு வெளியே இளஞ்சிவப்பாக உருண்டை உருண்டையாகத் தெரியும். அவை தீநுண்மியின் புரதம், மோரில் வெண்ணெய் திரள்வதுபோல உள்ளேயே திரண்டது. உடலும் இல்லை, உள்ளடக்கமும் இல்லை. 'உட்திரள் நோய்' என்று திருத்தினேன். 'உட்டிரள்' என்றுதான் புணர வேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. படிப்பவருக்கு உள்ளே திரண்டிருப்பது தெரியட்டும் என்று பிரித்தே விட்டிருக்கிறேன்.

தலைப்பு இப்போது 'வளர்ப்புப் போவாக்களில் புதிய தீநுண்மிகள்' என்று இருக்கிறது. மறுபடியும் படித்துக் காட்டினேன். "ஐயோ, அதுங்களுக்கு என்ன சீக்கு?" என்று கேட்டார் அத்தை.