காய்ச்சல் விட்ட நாளில்தான் கவனம் வேண்டும்

கொழும்பில் ஒரு வீட்டில் டெங்கு என்று தெரிந்தால், வெளிநாட்டிலிருந்து அழைக்கும் அண்ணன் கேட்பதும் பக்கத்து ஃபிளாட் அன்ரி கேட்பதும் ஒரே கேள்விதான்: "பிளேட்லட் எத்தனை?" இரத்தம் உறைய உதவும் அந்தச் சிறுதட்டுகளின் எண் இறங்கினால் வீடே கலங்குகிறது, இரண்டாயிரம் ஏறினால் மூச்சு வருகிறது. ஆனால் டெங்குவில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் பிளேட்லட் குறைவு அல்ல. இரத்தக் குழாய்களின் சுவர் ஒழுகத் தொடங்கி, இரத்தத்தின் நீர்ப்பகுதி நெஞ்சறைக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் கசிந்துவிடுகிறது. குழாய்க்குள் மிஞ்சுவது கட்டிப்பட்ட, அளவில் குறைந்த இரத்தம். அது போதாமல் சிறுநீரகமும் ஈரலும் வாடத் தொடங்குவதைத்தான் டெங்கு அதிர்ச்சி நிலை என்கிறோம். பிளேட்லட் 1 இலட்சத்துக்குக் கீழே வேகமாக இறங்குவது, கசிவு கிட்ட வந்துவிட்டது என்பதற்கான அறிகுறி. வெள்ளவத்தை ரயில் கேட்டில் மணி அடிப்பதுபோல. மணியையே எண்ணிக்கொண்டு நின்றால் ரயிலைக் கவனிக்க ஆளில்லை.

இந்தக் கசிவு பெரும்பாலும் காய்ச்சலின் 3ஆம் நாளுக்கும் 7ஆம் நாளுக்கும் இடையில் தொடங்கி, 24 முதல் 48 மணித்தியாலம் நீடிக்கும். காய்ச்சல் இறங்குவதும் அநேகமாக அதே நேரத்தில்தான். வீட்டில் ஏமாந்துபோவது இங்கேதான். "நேற்றிரவோடு காய்ச்சல் விட்டுட்டுது, ஆனா பிள்ளை படுத்தே கிடக்குது" என்று சொன்னால், அந்த வாக்கியத்தின் பின்பாதியைத்தான் வைத்தியசாலையில் நாங்கள் கேட்கிறோம். சாதாரண வைரஸ் காய்ச்சல் விட்டால் பிள்ளை எழும்பி விளையாடும், சாப்பாடு கேட்கும். காய்ச்சல் விட்ட பிறகும் சோர்வு கூடினால் அதைச் சுகம் என்று எடுக்கக் கூடாது.

எனவே நாட்களைச் சரியாக எண்ண வேண்டும். திங்கட்கிழமை இரவு 10 மணிக்குக் காய்ச்சல் தொடங்கினால், முதல் 24 மணித்தியாலம் முடிவது செவ்வாய் இரவு 10 மணிக்கு. தொடங்கிய நேரத்தை ஒரு தாளில் எழுதிவைத்தால் வைத்தியரின் வேலை பாதி குறையும். இரத்த அணுக்களை எண்ணும் எஃப்.பி.சி. இரத்தப் பரிசோதனையை 3ஆம் நாளுக்குள் கட்டாயம் செய்யுங்கள். கர்ப்பிணிகள், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள், முதியவர்கள், நீரிழிவோ இதய நோயோ உள்ளவர்கள் அதுவரை காத்திருக்காமல் முதல் நாளே வைத்தியரிடம் காட்ட வேண்டும். முதலில் வெள்ளணுக்கள் குறையும், அதன்பின் பிளேட்லட். பிளேட்லட் 1 இலட்சத்து 50 ஆயிரத்துக்குக் கீழே வந்தால் தினமும் பரிசோதனை, 1 இலட்சத்துக்குக் கீழே வந்தால் வைத்தியசாலை.

அதே ரிப்போட்டில் பி.சி.வி. என்றோ எச்.சி.ரி. என்றோ இன்னொரு எண் இருக்கும்: இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எவ்வளவு என்பது. அதை யாரும் வட்டமிட்டு அனுப்புவதில்லை. முதல் ரிப்போட்டில் அது 36 ஆக இருந்தவருக்கு 43 ஆக ஏறினால் ஏறக்குறைய 20 சதவீத உயர்வு: இரத்தம் கட்டிப்படுகிறது, கசிவு நடக்கிறது. முதல் ரிப்போட் தொலைந்திருந்தால் 43ஐ மட்டும் பார்த்து யாராலும் நிச்சயமாக எதுவும் சொல்ல முடியாது, சிலருக்கு அது இயல்பான அளவே. ஆகவே பழைய தாள்கள் எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள், முடிந்தவரை ஒரே ஆய்வுகூடத்தில் செய்யுங்கள். டெங்கு வைரஸின் புரதத்தை இரத்தத்தில் தேடும் என்.எஸ்.1 அன்டிஜன் பரிசோதனை முதல் நாட்களில் உதவும். ஆனால் அது 'நெகட்டிவ்' என்றால் டெங்கு இல்லை என்று அர்த்தமில்லை.

காய்ச்சல் தொடங்கிய நேரத்தை எழுதிய தாளில் இன்னும் இரண்டு நிரல் வேண்டும். ஒன்று, குடித்தது. சுமார் 50 கிலோ எடையுள்ள வளர்ந்தவருக்கு ஒரு நாளில் ஏறக்குறைய இரண்டரை லீற்றர் போதும், 20 கிலோ பிள்ளைக்கு ஒன்றரை லீற்றர். ஜீவனி (உப்பும் சர்க்கரையும் சேர்ந்த கரைசல்), கஞ்சி, செவ்விளநீர், பால், சூப், பழச்சாறு எல்லாம் இதற்குள் அடங்கும். வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தால் உப்புச் சமநிலை கெடும். பீட்ரூட் சாறு, நெக்ரோ என்ற சிவப்புச் சோடா, சிவப்புச் சர்பத் வேண்டாம். வாந்தி சிவந்தால் அது சாறா இரத்தமா என்று நள்ளிரவில் குழம்ப வேண்டிவரும். மற்ற நிரல், சிறுநீர். 50 கிலோ ஆளுக்கு மணிக்கு 25 மில்லிலீற்றராவது போக வேண்டும், அதாவது 6 மணித்தியாலத்தில் 150. அது 80 கிராம் யோகட் கோப்பை இரண்டு கூட இல்லை. அளவு குறித்த பிளாஸ்டிக் போத்தல் ஒன்றைக் குளியலறையில் வைத்தால் போதும். கேட்க அருவருப்பாக இருக்கலாம். ஆனாலும் வீட்டிலிருந்தபடியே கசிவைப் பிடிக்க இதைவிட எளிய அளவுகோல் கிடையாது.

பனடோல் (பரசிற்றமோல்) 500 மில்லிகிராம் குளிசை, வளர்ந்தவருக்கு 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரண்டு, 24 மணித்தியாலத்தில் 8க்கு மேல் கூடாது. மெலிந்தவருக்கும் பிள்ளைக்கும் எடைக்கேற்ப, ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம். டெங்குவில் ஈரல் ஏற்கெனவே அடிபட்டிருப்பதால் "காய்ச்சல் இறங்கேல்ல" என்று நான்கு மணிக்கொருமுறை கொடுப்பது ஆபத்து. தடிமனுக்கு விற்கும் கலவைக் குளிசைகளிலும் பரசிற்றமோல் இருக்கிறது, அதையும் கணக்கில் சேருங்கள். டைக்குளோபெனாக், இபுபுரோபன், மெபனமிக் அசிட், அஸ்பிரின் எதுவும் வேண்டாம். பிள்ளைக்குப் பின்வழியாக வைக்கும் டைக்குளோபெனாக் மருந்தும் இதே குடும்பம்தான். அது சூட்டை அரை மணியில் இறக்கிவிடும், இரைப்பையில் இரத்தப்போக்கையும் உண்டாக்கிவிடும். இதய நோய்க்காக அஸ்பிரின் எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்டபின்பே நிறுத்த வேண்டும்.

"ஒரு சேலைன் ஏத்தினா தெம்பு வரும்" என்பது இன்னொரு பழக்கம். வாயால் குடிக்கக்கூடியவருக்கு அது தேவையே இல்லை. கசிவு நேரத்தில் ஏற்றும் மிதமிஞ்சிய திரவம் குழாயில் நிற்காது, நுரையீரலைச் சுற்றித் தேங்கி மூச்சை முட்டும். வோட்டில் மணிக்கு இத்தனை மில்லி என்று கணக்கிட்டு ஏற்றுவதற்குக் காரணம் அதுதான். பிளேட்லட் ஏற்றச் சொல்லி வைத்தியர்களை நெருக்குவதும் அப்படித்தான்: இரத்தப்போக்கு இல்லாதவருக்கு எண் குறைந்ததற்காக மட்டும் ஏற்றுவதால் பலனில்லை, உடலில் திரவம் கூடுவதுதான் மிச்சம். பப்பாசி இலைச் சாற்றைப் பற்றி ஒன்று மட்டும்: அதை நம்பி இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். வெறும் வயிற்றில் குடித்து வாந்தி எடுப்பவருக்கு, அது வாந்தியா கசிவின் அறிகுறியா என்ற குழப்பமும் சேரும்.

அதிர்ச்சி நிலையில் உள்ளவர் மயங்கிக் கிடப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். தானே முச்சக்கரவண்டியில் ஏறி வருவார், பேசுவார். வீட்டுப் பிரஷர் கருவியில் 100/85 என்று காட்டும். மேலெண் 100 இருப்பதால் "பிரஷர் நல்லம்" என்பார்கள். இரண்டு எண்களுக்கும் இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே இறங்கினால், இரத்த ஓட்டம் தளம்பத் தொடங்கிவிட்டது. கை கால் நுனி குளிரும், எழுந்து நின்றால் தலை சுற்றும். அதோடு விடாத வாந்தி, வயிற்று வலி, 6 மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை, அமைதியின்மை, பல் ஈறில் இரத்தம், மாதவிடாய் மிகையாதல், கறுப்பு மலம் இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கிட்டிய அரச வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குப் போகலாம். அங்கொடை ஐ.டி.எச். தொற்றுநோய் வைத்தியசாலை, பிள்ளைகளுக்குப் பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே வைத்தியசாலை ஆகியவையும் உண்டு. இவற்றில் கட்டணம் இல்லை.

2017இல் நாடு முழுவதும் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் டெங்கு சந்தேகத்தில் பதிவாகினர். டெங்குவில் நான்கு வகை வைரஸ் உண்டு. ஒன்று வந்து போனவருக்கு மற்றொரு வகை வரும்போது கசிவுக்கான வாய்ப்புக் கூடுகிறது. "எனக்கு ஒருக்கா வந்திட்டுது, இனி வராது" என்பது அதனால் தவறான ஆறுதல்.

காய்ச்சலுள்ள நாட்களில் நோயாளியைப் பகலிலும் நுளம்பு வலைக்குள் படுக்கவையுங்கள். இது அவருக்காக அல்ல, வீட்டில் மற்றவர்களுக்காக. அவரைக் கடித்த நுளம்பு 8 முதல் 12 நாளில் தொற்றைப் பரப்பத் தயாராகும், அது கடித்தவருக்குக் காய்ச்சல் வர மேலும் சில நாள். அதனால்தான் மேல்மாடியில் அடுத்த காய்ச்சல் இரண்டு மூன்று கிழமை கழித்து வருகிறது, இரண்டையும் யாரும் இணைத்துப் பார்ப்பதில்லை. தொடர்மாடிகளில் தேட வேண்டிய இடங்கள்: ஃபிறிட்ஜின் பின்தட்டு, ஏ.சி. தண்ணீர் வடியும் வாளி, அடைபட்ட கூரைப் பீலி, லிஃப்ட் குழி, பூட்டிக் கிடக்கும் ஃபிளாட்டின் கொமட். முட்டை தண்ணீரில் மிதப்பதில்லை, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். தண்ணீரைக் கொட்டிய பிறகு சுவரைத் தும்புப் பிரஷால் தேய்த்துக் கழுவ வேண்டும், கிழமைக்கு ஒரு தடவை. முட்டையிலிருந்து நுளம்பாக ஏழு முதல் பத்து நாளே போதும்.