முற்றுப்புள்ளி வரும்வரை மூளை எதைச் சுமக்கிறது?

போன மார்ச்சில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் இந்த வரியைப் பார்த்தேன்: "மார்ச் 31-க்குள் நிலுவைத் தொகையைக் கட்டாதவர்கள் அலுவலகத்தில் விளக்கக் கடிதம் கொடுக்க வேண்டும்."

எனக்கு முன்னால் ஓர் அம்மா கையில் கடிதத்தோடு நின்றிருந்தார். கவுன்டரில் இருந்தவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் கெடுவே முடியலையேம்மா, ஏப்ரல்ல கொடுத்தாப் போதும்" என்றார். "31-க்குள்ள கடிதம் கொடுக்கணும்னுதானே போட்டிருக்கீங்க?" என்றார் அம்மா. இருவர் படித்ததிலும் தவறில்லை. 'மார்ச் 31-க்குள்' என்பதைக் 'கட்டாதவர்கள்' என்ற சொல்லோடு சேர்த்தால் அது பணம் கட்டும் கெடு. 'கொடுக்க வேண்டும்' என்பதோடு சேர்த்தால் கடிதம் கொடுக்கும் கெடு. எதோடு சேர்ப்பது என்று அந்த வரி சொல்லவே இல்லை.

அலுவலகக் கடிதங்களையும் சுற்றறிக்கைகளையும் திருத்துவது என் வேலை. கால்புள்ளியும் முற்றுப்புள்ளியும் பள்ளியோடு முடிந்துபோன இலக்கண விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. படிக்கிறவரின் கண்ணிலும் மூளையிலும் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், அந்தக் குறிகளை எங்கே வைப்பது என்பது பாதி தானாகவே விளங்கிவிடும்.

படிக்கும்போது கண் வரியின் மேல் சீராக வழுக்கிக்கொண்டு போவதில்லை. தாவுகிறது, நிற்கிறது, மறுபடி தாவுகிறது. பிரெஞ்சுக் கண் மருத்துவர் எமில் ஜவாலின் ஆய்வுக்கூடத்தில் 1870-களின் இறுதியிலேயே இதைக் கவனித்துவிட்டார்கள். ஒவ்வொரு நிறுத்தமும் சராசரியாகக் கால் நொடி. ஆங்கிலம் படிப்பவர்களை அளந்தபோது, தாவல்களில் பத்து முதல் பதினைந்து சதவீதம் பின்னோக்கிப் போவதாகத் தெரிந்தது. அதாவது, புரியாமலோ சந்தேகப்பட்டோ கண் திரும்பிப் போய்ப் பார்க்கிறது. வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் கண் கொஞ்சம் கூடுதலாகத் தங்குகிறது என்பதை 1980-இல் மார்செல் ஜஸ்ட், பட்ரீசியா கார்பென்டர் இருவரும் எழுதினார்கள். அதுவரை கையில் வைத்திருந்த சொற்களை மூளை அங்கேதான் ஒரு கட்டாகக் கட்டி வைக்கிறது.

அப்புறம் கால்புள்ளி. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கார்ஸ்டன் ஸ்டைன்ஹவர், ஆங்கெலா ஃப்ரீடரிச்சி ஆகியோர் பேச்சைக் கேட்பவர்களின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்தார்கள். பேசுகிறவர் ஒரு தொடரை முடித்துக் குரலை நிறுத்தும் இடத்தில் கேட்பவரின் மூளையில் ஒரு குறிப்பிட்ட அலை எழுந்தது. 1999-இல் அதை வெளியிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து வந்த கட்டுரைதான் எனக்கு மிகவும் பிடித்தது. வாய் திறக்காமல் மௌனமாகப் படிப்பவர்களிடமும், கால்புள்ளியைக் கடக்கும்போது அதே வகை அலை எழுகிறது! தாளில் இருக்கும் அந்தச் சின்ன வளைவைப் பார்த்ததும், உள்ளே ஒரு குரல் நின்று நின்று வாசிப்பதுபோல மூளை நடந்துகொள்கிறது.

'கமா' என்ற சொல்லுக்குக் கிரேக்கத்தில் வெட்டிய துண்டு என்று பொருள். ஏறத்தாழ 2200 ஆண்டுகளுக்கு முன், அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவராக இருந்த அரிஸ்டோஃபனீஸ் என்பவர் வரியின் மேலே, நடுவே, கீழே என்று மூன்று உயரங்களில் புள்ளி வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். உரக்கப் படிப்பவர் எங்கே எவ்வளவு நிற்க வேண்டும் என்று காட்டுவதற்காக வந்த ஏற்பாடு அது. இன்று நாம் எழுதும் கால்புள்ளியின் வடிவம் 1490-களில் வெனிஸ் நகர அச்சகங்களில் நிலைபெற்றது.

நம் ஓலைச்சுவடிகளில் இது எதுவும் கிடையாது. சொல்லுக்குச் சொல் இடைவெளிகூட இல்லை. எழுத்தாணியை ஊன்றிப் புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்பதால், மெய்யெழுத்தின் புள்ளியையே பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். பிறகு எப்படிப் படித்தார்கள்? செய்யுள் என்றால் யாப்பு வழிகாட்டியது. அதைவிட முக்கியம், எங்கே ஒன்று முடிகிறது என்பதைத் தமிழ்ச் சொற்கள் தம் வாலிலேயே கட்டிக்கொண்டிருக்கின்றன. வினைமுற்று வந்தால் வாக்கியம் முடிந்தது. 'உம்' வந்தால் பட்டியல் நடக்கிறது. 'ஆல்' வந்தால் நிபந்தனையோ காரணமோ. அச்சு வந்து, உரைநடை பெருகிய பிறகுதான் குறிகளின் தேவை கூடியது. தமிழ் உரைநடையில் அவற்றைச் சீராகக் கையாண்டு காட்டியவர் என்று ஆறுமுக நாவலரைச் சொல்வார்கள்.

வாலில் முடிவு இருப்பது வசதிதான். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வினை வந்துவிடும். யார் என்ன செய்தார் என்று தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். தமிழில் வினை கடைசியில். ஆம், இல்லை என்பதும் கடைசியில். அதுவரை வந்த அத்தனை சொற்களையும் படிப்பவர் சுமந்துகொண்டே நடக்க வேண்டும். மூளையின் தற்காலிக நினைவு ஒரே நேரத்தில் சில துண்டுகளைத்தான் தாங்கும். மூன்று, நான்கு என்று பல ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். இப்போது இதைப் படித்துப் பாருங்கள். என் மேசைக்கு வந்த ஒரு கடிதத்தின் வரி இது. விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

"தாங்கள் 12.02.2025 தேதியிட்ட கடிதத்தில் குறிப்பிட்டிருந்தபடி எங்கள் கிடங்கிலிருந்து அனுப்பப்பட்ட 40 பெட்டிகளில் 6 பெட்டிகள் சேதமடைந்திருந்ததை எங்கள் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு ஆய்வு செய்து உறுதிப்படுத்தியுள்ள நிலையில் அவற்றுக்கு மாற்றாகப் புதிய பெட்டிகளைத் தாங்கள் கேட்டபடி இம்மாத இறுதிக்குள் அனுப்பி வைப்பதற்கு இருப்பு இல்லாத காரணத்தால் இயலாது."

வாடிக்கையாளர் தேடுவது ஒரே ஒரு பதிலை: வருமா, வராதா? அது கடைசிச் சொல்லில் இருக்கிறது. இதற்குள் நாலைந்து கால்புள்ளி போட்டால் தீருமா? தீராது. கால்புள்ளி மூச்சு வாங்க இடம் தரும், சுமையை இறக்கி வைக்க விடாது. இறக்கி வைக்க முற்றுப்புள்ளிதான் வேண்டும். நான் இப்படி வெட்டினேன்:

"தங்கள் 12.02.2025 தேதியிட்ட கடிதம் கிடைத்தது. நாங்கள் அனுப்பிய 40 பெட்டிகளில் 6 சேதமடைந்திருந்தன. எங்கள் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு ஆய்வு செய்து இதை உறுதிப்படுத்தியுள்ளது. மாற்றுப் பெட்டிகள் இப்போது இருப்பில் இல்லை. அதனால் இம்மாத இறுதிக்குள் அனுப்ப இயலாது."

எங்கே வெட்டுவது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. வரியில் முற்றுப்பெறாமல் நிற்கும் வினைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, அதை வினைமுற்றாக மாற்றினால் பொருள் கெடுகிறதா என்று பாருங்கள். 'சேதமடைந்திருந்ததை' என்பது 'சேதமடைந்திருந்தன' ஆனபோது ஒன்றும் கெடவில்லை, அங்கே வெட்டலாம். 'ஆய்வு செய்து உறுதிப்படுத்தியுள்ளது' என்பதை வெட்டவில்லை. ஒரே ஆள் அடுத்தடுத்துச் செய்த ஒரே வேலை அது. பிரித்தால் துண்டு துண்டாகக் கேட்கும்.

இதற்கு நேர் எதிரான தவறும் இப்போது பெருகிவிட்டது. "பணம் கிடைத்தது, ரசீது அனுப்பியுள்ளோம், சரிபார்த்துக்கொள்ளவும்" என்று வினைமுற்றுக்குப் பின்னால் கால்புள்ளி போட்டுக்கொண்டே போவது. வாக்கியம் முடிந்தது என்று சொல் சொல்கிறது, முடியவில்லை என்று குறி சொல்கிறது. வாட்ஸ்அப்பில் போகட்டும், கடிதத்தில் வேண்டாம். அங்கே மூன்று முற்றுப்புள்ளிகள் போடுங்கள்.

சரி, கூட்டுறவுச் சங்கத்தின் வரிக்கு வருவோம். "மார்ச் 31-க்குள், நிலுவைத் தொகையைக் கட்டாதவர்கள்..." என்று கால்புள்ளி போட்டால், கெடு அடுத்த சொல்லைத் தாண்டிப் போய்க் 'கொடுக்க வேண்டும்' என்பதில் ஒட்டிக்கொள்ளும். கால்புள்ளியின் உண்மையான வேலையே இதுதான்: பக்கத்துச் சொல்லோடு ஒட்டாதே, தாண்டிப் போ என்பது. ஆனால் அந்த ஒரு குறியை நம்பி ஒரு கெடுவை விடுவது எனக்குச் சம்மதமில்லை. தட்டச்சில் விழுந்துபோகலாம், நகலெடுக்கும்போது மங்கிப்போகலாம். தமிழில் அதைவிட நல்ல வழி கையிலேயே இருக்கிறது. சொல்லை இடம் மாற்றி, அது தழுவும் வினைக்கு அருகே வையுங்கள். கெடு பணத்துக்கு என்றால் "நிலுவைத் தொகையை மார்ச் 31-க்குள் கட்டாதவர்கள் விளக்கக் கடிதம் கொடுக்க வேண்டும்." கடிதத்துக்கு என்றால் "நிலுவைத் தொகையைக் கட்டாதவர்கள் மார்ச் 31-க்குள் விளக்கக் கடிதம் கொடுக்க வேண்டும்." இரண்டிலும் எந்தக் குறியும் தேவையில்லை.

கனடாவில் ஒரு கால்புள்ளி இரண்டு பெரிய நிறுவனங்களை மோத வைத்தது. ரோஜர்ஸ் கம்யூனிகேஷன்ஸ் தன் கேபிள்களை அலையன்ட் நிர்வகித்த கம்பங்களில் கட்டிக்கொள்ள 2002-இல் போட்ட ஒப்பந்தம் அது. முதலில் ஐந்து ஆண்டுகள், அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாக நீளும், ஓராண்டு முன்னறிவிப்பு கொடுத்து முடித்துக்கொண்டாலொழிய என்பது அதன் விதி. அந்தக் கடைசித் துண்டுக்கு முன்னால் ஒரு கால்புள்ளி இருந்தது. முன்னறிவிப்பு உரிமை நீட்டிப்புக் காலத்துக்கு மட்டுமா, முதல் ஐந்து ஆண்டுகளுக்கும் உண்டா? கால்புள்ளி இருப்பதால் அது இரண்டையும் தழுவும் என்று 2006-இல் அந்நாட்டின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் அலையன்ட் பக்கம் சொன்னது. மறு ஆண்டு முடிவு ரோஜர்ஸ் பக்கம் மாறியது. அதே ஒப்பந்த வாசகத்துக்குப் பிரெஞ்சு வடிவம் ஒன்று இருந்தது. அதில் இந்த ஐயத்துக்கே இடமில்லை. நம் அறிவிப்புப் பலகையில் நடந்ததும் இதேதான், தொகைதான் வேறு.

பெயரெச்சம் வரும்போது இன்னும் கவனமாக இருக்க வேண்டும். "கையொப்பமிடாத ஒப்பந்தத்தின் நகலை இணைத்துள்ளோம்." கையொப்பம் இல்லாதது ஒப்பந்தத்திலா, நகலில் மட்டுமா? வழக்கு என்று வந்தால் இந்தக் கேள்விக்கு மதிப்பு அதிகம். "ஒப்பந்தத்தின் கையொப்பமிடாத நகலை" என்று மாற்றினால் முடிந்தது. பெயரெச்சத்துக்கும் அது தழுவும் பெயருக்கும் நடுவில் எதுவும் வராமல் பார்த்துக்கொண்டால், கால்புள்ளிக்கு அங்கே வேலையே இல்லை.

பட்டியல்களுக்கு வருவோம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் நிறுவனத்தின் ஓட்டுநர்கள் மிகைநேர ஊதியம் கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். எந்தெந்த வேலைக்கு அந்த ஊதியம் இல்லை என்று சட்டம் ஒரு பட்டியல் தந்திருந்தது. பதப்படுத்துதல், உறையவைத்தல், சேமித்தல் என்று போய், கடைசியில் "அனுப்புவதற்கோ விநியோகத்துக்கோ பொதிகட்டுதல்" என்றும் படிக்கலாம், "அனுப்புவதற்காகப் பொதிகட்டுதல், விநியோகித்தல்" என்றும் படிக்கலாம் என்கிறபடி நின்றது. நடுவே ஒரு கால்புள்ளி இல்லாததுதான் காரணம். ஓட்டுநர்கள் விநியோகித்தார்கள், பொதி கட்டவில்லை. 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஐயத்தின் பலனை ஓட்டுநர்களுக்கு அளித்தது. 2018-இல் நிறுவனம் 50 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு வழக்கை முடித்தது. பிறகு சட்டத்தில் அந்தப் பட்டியலை அரைப்புள்ளிகள் போட்டுத் திருத்தினார்கள்.

மேலே நான் அதைத் தமிழில் எழுதியபோது இரண்டு வடிவமாக எழுத வேண்டியிருந்ததைக் கவனித்தீர்களா? ஐயத்தோடு ஒரே வடிவமாக எழுத முடியவில்லை. 'கோ', 'க்காக', 'தல்' என்ற விகுதிகள் எந்தச் சொல் எதோடு சேர்ந்தது என்று காட்டிக்கொடுத்துவிடுகின்றன. நன்னூல் இதற்கு விதியே வைத்திருக்கிறது. 'உம்' போன்ற எண்ணிடைச்சொல் இல்லாமல் பெயர்களை அடுக்கினால் அது செவ்வெண். செவ்வெண் தொகை பெற வேண்டும். அதாவது "அரிசி, பருப்பு, எண்ணெய் மூன்றும்" என்று முடிக்க வேண்டும். எத்தனை என்று எண்ணிச் சொல்லிவிட்டால், பட்டியல் எங்கே முடிகிறது என்பதில் யாருக்கும் சண்டை வராது. கொள்முதல் ஆணையில் இதை நான் விடாமல் வலியுறுத்துகிறேன்: "மோட்டார், பம்பு, குழாய் ஆகிய மூன்றும்". 'ஆகிய' என்பதற்கு முன் கால்புள்ளி வேண்டாம். "மோட்டாரும் பம்பும் குழாயும்" என்று எழுதினால் நடுவிலும் வேண்டாம்; 'உம்' அந்த வேலையைச் செய்துவிட்டது.

எழுவாயை அடுத்துக் காரணமில்லாமல் கால்புள்ளி போடும் பழக்கத்தையும் விடலாம். "மேலாளர், ஒப்புதல் அளித்தார்" என்பதில் அந்தக் குறிக்கு வேலை இல்லை. எழுவாய் ஒரு வரிக்கு நீண்டால் மட்டும் போடுங்கள். 'என்று' என்பதற்குப் பின்னும் பொதுவாகத் தேவையில்லை. 'எனவே', 'ஆனால்' போன்றவற்றின் பின் போடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். ஒரு கடிதத்துக்குள் ஒரே மாதிரி இருந்தால் போதும்.

எண்களில் வரும் புள்ளியை யாரும் இலக்கணமாக எண்ணுவதில்லை, ஆனால் பணம் போவது பெரும்பாலும் அங்கேதான். நம் காய்கறிக் கடைத் தராசில் 1.250 என்று தெரிந்தால் ஒன்றேகால் கிலோ. ஜெர்மன் வாடிக்கையாளர் அதே 1.250 கிலோவை எழுதினால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது. அங்கே ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி, தசமத்துக்குக் கால்புள்ளி. நாம் 12,50,000 என்று எழுதுவதை மற்ற பல நாட்டவர் 1,250,000 என்று எழுதுவார்கள். எடைகள், அளவுகளுக்கான பொது மாநாடு 2003-இல் தசமக் குறிக்குப் புள்ளி, கால்புள்ளி இரண்டையும் ஏற்றுக்கொண்டது. மும்மூன்று இலக்கங்களுக்கு நடுவே இடைவெளி மட்டும் விடலாம், இந்த இரண்டு குறிகளும் அங்கே கூடாது என்றும் சொன்னது. தேதியிலும் இதே சிக்கல்தான். 03.04.2025 என்பது நமக்கு ஏப்ரல் 3. அந்த இலக்கங்களை அதே வரிசையில் பார்க்கும் அமெரிக்கருக்கு மார்ச் 4.

வெளிநாட்டுக்குப் போகும் கடிதத்தில் எடை, தொகை, தேதி மூன்றையும் நான் எழுத்தாலும் எழுதச் சொல்கிறேன்: "1250 கிலோ, ஆயிரத்து இருநூற்று ஐம்பது. சரக்கு 3 ஏப்ரல் 2025 அன்று புறப்படும்."